நியூயார்க் துறைமுகத்தில் ராத்திரி கப்பல்கள் ஏன் நிற்பதில்லை?

பழைய நியூயார்க் தபால் அட்டைகளில் அடிக்கடி தென்படும் படம் ஒன்று உண்டு. பின்னால் மன்ஹாட்டன் கட்டடங்கள், முன்னால் ஹட்சன் ஆற்றங்கரையில் வரிசையாக மூன்று நான்கு பெரிய பயணிகள் கப்பல்கள், புகைப்போக்கிகள் மேல் ஒளி பாய்ச்சி, ஜன்னல் ஜன்னலாக விளக்கெரிய. அதை நம்பி இன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு 50ஆம் தெருவின் மேற்குக் கரைப் பக்கம் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். பெரும்பாலான நாட்களில் முனையம் காலியாகக் கிடக்கும். கொஞ்சம் தெற்கே 46ஆம் தெருவில் ஒரு பெரிய கப்பல் தெரியும்தான், ஆனால் அது 1982 முதல் அருங்காட்சியகமாக நிற்கும் இன்ட்ரெபிட் என்ற விமானந்தாங்கிப் போர்க்கப்பல், அது எங்கும் போகப்போவதில்லை.

இதைப் பார்த்துவிட்டு கப்பல் காலம் முடிந்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. கப்பல்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன, அதுவும் முன்னைவிடப் பெரிய பெரிய கப்பல்களாக. மன்ஹாட்டன், புரூக்ளின், எதிர்க்கரையில் நியூ ஜெர்சியின் பேயோன் என்று மூன்று இடங்களில் அவற்றுக்கு முனையம் இருக்கிறது. மாறிப்போனது நேரம் மட்டும்தான். விடியும் முன்னே வருகிறார்கள், சாயங்காலம் கிளம்பிவிடுகிறார்கள், ராத்திரியைக் கடலில் கழிக்கிறார்கள். ஏன் இப்படி ஆனது என்பதில் அழகுணர்ச்சிக்கு எந்தப் பங்கும் இல்லை, முழுக்க முழுக்கப் பணக் கணக்குதான்.

முதலில் லைனர் வேறு, குரூஸ் கப்பல் வேறு என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் பத்திரிகைகள் இரண்டையும் சேர்த்து 'சொகுசுக் கப்பல்' என்றே எழுதிவிடுகின்றன. லைனர் என்பது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஆள் ஏற்றிப்போகும் கப்பல், பஸ் மாதிரி, கால அட்டவணையோடு. 1920களிலிருந்து 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்த ரஜூலா கப்பல் அந்த வகை. அதில் ஏறியவர்கள் பிழைப்புக்கும் உறவுக்கும் போனார்கள், உல்லாசத்துக்கு இல்லை. குரூஸ் கப்பலில் போகிறவருக்கோ கப்பலே ஊர். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவதற்குத்தான் காசு கொடுக்கிறார். ராத்திரியை இந்த இரண்டு வகைக் கப்பலும் வேறு வேறு விதமாகச் செலவழிக்கின்றன.

லைனர் காலத்து நியூயார்க்கில் பெரிய கப்பல்கள் பல நள்ளிரவில் கிளம்பின. இன்று கேட்டால் விசித்திரமாக இருக்கும், ஆனால் யோசித்தால் வசதியான ஏற்பாடு. வியாபாரி பகல் முழுக்க அலுவலகத்தில் வேலை பார்க்கலாம், ராத்திரி சாப்பாட்டை முடிக்கலாம், நாடகம் பார்க்கலாம், அப்புறம் கோட்டு சூட்டோடு அப்படியே வந்து கப்பலேறலாம். ஒரு பகலும் வீணாகாது. வழியனுப்ப வருகிறவர்களும் கப்பலுக்குள்ளேயே போய்விடலாம், பல கம்பெனிகள் அதற்கு ஒரு சிறு கட்டணம் வாங்கி மாலுமிகளின் நலநிதிக்குக் கொடுத்தன. அறைக்கு அறை விருந்து, பூங்கொத்து, பழக்கூடை. கிளம்பும் நேரம் நெருங்கும்போது ஊழியர்கள் சேகண்டி மாதிரி ஒன்றைத் தட்டிக்கொண்டே நடைபாதைகளில் போய், கரைக்குப் போக வேண்டியவர்கள் இறங்குங்கள் என்று சத்தம்போடுவார்கள். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு வேறு. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் எல்லையைத் தாண்டியதும் பார் திறந்துவிடும் என்பதால் கிளம்புவதற்கு முன்னாலேயே ஒரு குஷி இருந்திருக்கும். பொருளாதாரப் பெருமந்தத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் குறைந்தபோது, சும்மா நின்ற லைனர்களை வைத்து, குடிப்பதற்காகவே வாரக்கடைசியில் கடலுக்குள் ஒரு சுற்று சுற்றிவரும் பயணங்களை நடத்தினார்கள். இன்றைய குரூஸ் தொழிலின் மூதாதைகளில் ஒன்று இந்தக் 'குடிப் பயணம்' என்பதைக் கம்பெனி விளம்பரங்கள் சொல்வதில்லை.

பார்வையாளர்களை உள்ளே விட்ட அந்த வழக்கம் ஒரு ராத்திரி வரலாற்றுச் சம்பவமாகவே ஆனது. 1935 ஜூலை 26. ஜெர்மனியின் பிரெமென் கப்பல் பியர் 86ல் நள்ளிரவுப் பயணத்துக்குத் தயாராக நிற்கிறது. (ஆற்றுக்குள் நீட்டிக் கட்டிய துறைமேடைகளைத்தான் அங்கே பியர் என்று எண் போட்டு அழைக்கிறார்கள்.) கரையில் நாஜி எதிர்ப்பாளர்களின் பெருங்கூட்டம். வழியனுப்ப வந்தவர்கள் போல உடுத்திக்கொண்டு ஒரு சிறு குழு ஏற்கெனவே கப்பலுக்குள் போயிருக்கிறது. நேரம் பார்த்து அவர்கள் முன்பக்கம் ஓடி, அங்கே பறந்துகொண்டிருந்த ஸ்வஸ்திகா கொடியைப் பிய்த்து ஹட்சனில் எறிந்துவிட்டார்கள். ஜெர்மனி கண்டனம் தெரிவித்தது. அது ஒரு கட்சியின் கொடிதானே, நாட்டின் கொடிக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பது அமெரிக்கத் தரப்பு. அதே ஆண்டு செப்டம்பரில் ஹிட்லர் அரசு அதையே ஒரே தேசியக் கொடியாக்கிவிட்டது. அந்தப் பியர் 86தான் இன்றைக்கு இன்ட்ரெபிட் நிற்கும் இடம்.

அதற்கும் முன்னால், 1912 ஏப்ரல் 18 இரவு. டைட்டானிக்கில் தப்பிய எழுநூற்றுச் சொச்சம் பேரோடு கார்பாத்தியா கப்பல் மழையில் ஹட்சனுக்குள் வருகிறது. பத்திரிகைக்காரர்கள் வாடகைக்கு எடுத்த படகுகள் சுற்றிலும் மொய்க்க, புகைப்படத்துக்காக மெக்னீசியம் வெளிச்சம் பளிச் பளிச்சென்று வெடிக்கிறது. கார்பாத்தியா நேராகத் தன் இடத்துக்குப் போகவில்லை. முதலில் டைட்டானிக் வந்து நின்றிருக்க வேண்டிய பியர் 59 பக்கம் போய், அந்தக் கப்பலின் உயிர்காப்புப் படகுகளை இறக்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் பியர் 54க்கு வந்து ஆட்களை இறக்கியது. டைட்டானிக்கிலிருந்து நியூயார்க் வந்து சேர்ந்த சாமான் என்று பார்த்தால் ஏறக்குறைய அந்தப் படகுகள்தான். பியர் 54ன் இரும்பு வாயில் வளைவு இன்றும் நிற்கிறது. 2021ல் திறந்த லிட்டில் ஐலண்ட் பூங்காவுக்குப் போகிறவர்கள் அதன் பக்கத்தில்தான் நடக்கிறார்கள், பெரும்பாலோர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

பியர்களைப் பற்றியே தனியாக எழுதலாம். கப்பல்கள் நீளமாகிக்கொண்டே போக, பியர்களை ஆற்றுக்குள் இன்னும் நீட்ட ராணுவத் துறை சம்மதிக்கவில்லை, நீட்டினால் போக்குவரத்துக்கு ஆறு குறுகிவிடும் என்று. நகரம் எதிர்த்திசையில் யோசித்தது. கரையைத் தோண்டி, மன்ஹாட்டன் நிலத்துக்குள்ளேயே தண்ணீரை விட்டுக்கொண்டார்கள். 1910ல் திறந்த செல்சீ பியர்கள் அப்படி வந்தவை. 1930களில் ஆயிரம் அடிக் கப்பல்களுக்காக 48ஆம் தெருவுக்கும் 52ஆம் தெருவுக்கும் நடுவே கட்டிய பியர் 88, 90, 92ம் அதே வித்தைதான். உலகத்திலேயே விலை உயர்ந்த நிலங்களில் ஒன்றை வெட்டித் தண்ணீராக்கியிருக்கிறார்கள் என்றால் லைனர் வருமானம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போர் வந்ததும் விளக்குகளின் கதையே மாறியது. 1939 ஆகஸ்ட் 30 சாயங்காலம் அதே பிரெமென், அமெரிக்க அதிகாரிகள் சோதனை என்ற பேரில் தாமதப்படுத்திய பிறகு, பயணிகள் யாரும் இல்லாமல் நியூயார்க்கை விட்டுக் கிளம்பியது. வெளிக்கடலுக்குப் போனதும் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டது, ஓடும்போதே மாலுமிகள் சாம்பல் நிறம் பூசினார்கள், செப்டம்பர் 6ஆம் தேதி ரஷ்யாவின் மூர்மன்ஸ்கில் போய் நின்றது. 1940 மார்ச்சில் இதற்கு மறுபக்கம்: கட்டி முடித்த கையோடு, சாம்பல் பூசி, ஒரு பயணியைக்கூட ஏற்றாமல், பிரிட்டனின் குயீன் எலிசபெத் ரகசியமாக அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் வந்தது. அப்போது குயீன் மேரி, பிரான்ஸின் நார்மண்டி, குயீன் எலிசபெத் என்று அன்றைய உலகின் மிகப் பெரிய மூன்று கப்பல்களும் இரண்டு வாரம் போல பக்கத்தில் பக்கத்தில் நின்றன. 1942 ஜனவரியில் யூ-123 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் துறைமுக வாசல் வரை வந்தபோது நகரம் வழக்கம்போல ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. கரை வெளிச்சத்தின் முன்னால் போகும் சரக்குக் கப்பல்கள் கறுப்பு நிழலாகத் துல்லியமாகத் தெரிந்தன, குறிபார்க்கச் சிரமமே இல்லை. நகர விளக்குகளைக் குறைக்கும் உத்தரவு நடைமுறைக்கு வர இன்னும் சில மாதங்கள் பிடித்தன.

நார்மண்டி முடிந்துபோனதும் ஒரு ராத்திரியில்தான். துருப்புக் கப்பலாக மாற்றும் வேலை பியர் 88ல் நடந்துகொண்டிருந்தபோது, 1942 பிப்ரவரி 9 பிற்பகல், இரும்பு வெட்டும்போது தெறித்த தீப்பொறி ஒன்று குவித்துவைத்திருந்த உயிர்காப்பு மேலங்கிகள் மேல் விழுந்தது. தீயணைப்புப் படகுகளும் வண்டிகளும் மணிக்கணக்கில் தண்ணீரைக் கொட்டின. தீ சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. பிரச்சினை தண்ணீர். மேல் தளங்களில் தேங்கிய தண்ணீர் கப்பலை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே வந்தது. கப்பலை வடிவமைத்த விளாதிமிர் யுர்கெவிச் அப்போது நியூயார்க்கிலேயே இருந்தார், ஓடி வந்தார், அடித்தளத்தின் வால்வுகளைத் திறந்து கப்பலை அப்படியே நேராகச் சேற்றில் உட்காரவைக்கலாம் என்று சொல்லப் பார்த்தார். அவரை உள்ளே விடவில்லை. அதிகாலை மூன்று மணிக்குள் 300 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல் பக்கவாட்டில் படுத்துவிட்டது. நிமிர்த்த 1943 வரை ஆனது, பிறகு ஓட்டவே இல்லை, பழைய இரும்புக்குப் போனது. கட்டிய ஆளைக் கேட்டிருந்தால் பிழைத்திருக்குமோ என்று கப்பல் பிரியர்கள் இன்றும் சண்டைபோடும் விஷயம் இது. கேட்டிருக்கலாம் என்பதுதான் என் கட்சி.

சரி, நள்ளிரவுப் பயணங்கள் எங்கே போயின? 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்க ஆரம்பித்தன, முதலில் பிரிட்டனின் காமெட், அதே மாதம் அமெரிக்காவின் பான் ஆம் விமானக் கம்பெனியின் போயிங் 707. ஐந்து நாள் பயணம் ஏழெட்டு மணி நேரமானது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் லைனர் வியாபாரம் கிட்டத்தட்ட படுத்தேவிட்டது. 1974ல் மன்ஹாட்டன் பியர்களைப் புதுப்பித்துப் பெரிய முனையமாக்கியபோது அதில் நிற்க வேண்டிய லைனர்களில் பெரும்பாலானவை இல்லாமலே போயிருந்தன. மிச்சமிருந்த கப்பல்களும் புதிதாக வந்தவையும் உல்லாசப் பயணத்துக்கு மாறின.

இங்கேதான் அந்தப் பணக் கணக்கு வருகிறது. குரூஸ் கப்பலுக்குத் துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் செலவு. இடத்துக்கு வாடகை, வரி, கட்டணம். அதோடு, கம்பெனிக்கு நல்ல காசு கொட்டும் சூதாட்டக் கூடத்தையும் வரியில்லாக் கடைகளையும் நியூயார்க்கில் நிற்கும்போது பூட்டிவைக்க வேண்டும், கடலுக்குள் போனால்தான் திறக்கலாம். இன்னொன்று, பயணிகள் தூங்கும்போது கப்பல் ஓடினால் மறுநாள் காலையில் புது இடம். தூங்கும் நேரத்தில் நின்றுவிட்டு, விழித்திருக்கும் நேரத்தில் ஓடினால் பகல் முழுக்க வெறும் தண்ணீர்தான். அதனால் அட்டவணை ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான்: இருட்டோடு வந்து ஆறேழு மணிக்குக் கட்டு, மூவாயிரம் நாலாயிரம் பேரை இறக்கு, அழுக்குத் துணியும் குப்பையும் இறங்கும்போதே காய்கறியும் இறைச்சியும் ஏறட்டும், மத்தியானத்திலிருந்து புது ஆட்களை ஏற்று, நாலைந்து மணிக்குக் கிளம்பு. அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு வாரத்திலேயே மோசமான நாள் இதுதான்.

விதிவிலக்கையும் பார்க்க வேண்டும், அப்போதுதான் கணக்கு இன்னும் தெளிவாகும். நியூயார்க்கிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பல பெர்முடாவுக்குப் போகின்றன. அங்கே ஓரிரு இரவுகள் கட்டியே நிற்கின்றன, ஏனென்றால் பக்கத்தில் அடுத்த தீவு கிடையாது, எங்கே போவது? இதனால் கம்பெனிகளுக்கு இரவு வருமானம் போனது. 2013ல் பெர்முடா சட்டம் போட்டு, கட்டி நிற்கும் கப்பல்களில் இரவு 9 மணி முதல் அதிகாலை 5 மணி வரை சூதாட்டக் கூடம் திறக்க அனுமதித்தது. கப்பல் ராத்திரி ஊரில் தங்க வேண்டுமென்றால் எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அந்தச் சின்னத் தீவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

நின்றால் மின்சாரமும் ஒரு தலைவலி. நிற்கும் கப்பலுக்கும் குளிர்சாதனம், சமையலறை, லிஃப்ட், விளக்கு எல்லாம் ஓட வேண்டும், பெரிய கப்பலுக்கு அது பல மெகாவாட். அதற்காக டீசல் எந்திரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும், புகை பக்கத்துக் குடியிருப்புக்குப் போகும். 2015 முதல் வட அமெரிக்கக் கரையோரத்தில் எரிபொருளில் கந்தகம் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி வந்தது, கொஞ்சம் நிம்மதி. 2016ல் புரூக்ளின் முனையத்தில் கரையிலிருந்தே கேபிள் வழியாக மின்சாரம் தரும் வசதி வந்தது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அதுதான் முதல். ஆனால் கேபிள் இருந்தும் எல்லாக் கப்பலும் அதைச் செருகுவதில்லை என்று பக்கத்து ரெட் ஹூக் பகுதி மக்கள் பல வருடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் அதற்கான பொருத்தி இருக்க வேண்டும், கரண்ட் விலையும் எண்ணெய் விலையும் ஒத்துவர வேண்டும். பளபளவென்று நிற்கும் கப்பலைப் படம் எடுப்பவர் ஒருவர், அதன் புகையை மூச்சில் இழுப்பவர் வேறொருவர்.

விளக்கு என்றதும் இன்னொன்று. பக்கவாட்டில் பார்த்தால் கோவில் திருவிழா மாதிரி இருக்கும் கப்பல், நேர் முன்னாலிருந்து பார்த்தால் கறுப்பாக இருக்கும். கப்பலை ஓட்டும் பிரிட்ஜ் அறையில் ராத்திரி விளக்குப் போட மாட்டார்கள், வெளி இருட்டுக்குக் கண் பழக வேண்டும் என்பதால். முன்பக்க அறைகளில் தங்குகிறவர்களைப் பொழுது சாய்ந்ததும் திரைச்சீலையை இழுத்து மூடச் சொல்வார்கள், மறந்தால் ஊழியர் வந்து கதவைத் தட்டுவார். சர்வதேச விதிப்படி உண்மையில் பேசும் விளக்குகள் சிலதான்: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் ஒரு வெள்ளை, உயரத்தில் இரண்டு வெள்ளை, அதில் முன்னது தாழ்வாகவும் பின்னது உயரமாகவும் இருக்கும். சிவப்பும் பச்சையும் சேர்ந்தே தெரிந்து, இரண்டு வெள்ளையும் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றால் கப்பல் நேராக உங்களை நோக்கி வருகிறது என்று அர்த்தம், சின்னப் படகில் இருந்தால் உடனே விலகிவிடுங்கள். அலங்கார வெளிச்சம் இந்த விளக்குகளை மறைக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. ஆயிரம் பால்கனி விளக்குக்கு நடுவே அந்தச் சிவப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது லேசில்லை என்பது வேறு விஷயம்.

அலங்கார வெளிச்சத்தை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. 1956 ஜூலை 25 இரவு நான்டக்கெட் தீவுக்கு அப்பால் ஸ்டாக்ஹோம் கப்பல் மோதி இத்தாலியின் ஆந்திரேயா டோரியா சாய்ந்துகொண்டிருந்தபோது, அன்றுதான் நியூயார்க்கிலிருந்து கிளம்பியிருந்த ஈல் த பிரான்ஸ் லைனர் திரும்பி வந்தது. கிட்டே வந்ததும் அதன் கேப்டன் எல்லா விளக்கையும் போடச் சொன்னார், கப்பலின் பெயரைக் காட்டும் பெரிய எழுத்துகள் உட்பட. சாய்ந்த தளத்தில் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு உதவி வந்துவிட்டது என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான். எழுநூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு மறுநாள் நியூயார்க்குக்கே திரும்பியது.

இன்று நியூயார்க் வரும் கப்பல்களில் லைனர் என்று முறையாகச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று, குயீன் மேரி 2. சவுத்தாம்ப்டனிலிருந்து ஏழு நாள் போல ஓடி வந்து புரூக்ளினில் கட்டுகிறது, அந்த முனையமே 2006ல் இதன் வருகையோடுதான் திறந்தது. துறைமுக வாசலில் இருக்கும் வெரசானோ பாலத்தின் கீழ் நுழைய வேண்டும் என்பதற்காகவே இதன் புகைப்போக்கியைக் குட்டையாக வடிவமைத்தார்கள். தண்ணீர் மட்டத்துக்கு மேல் கப்பல் 62 மீட்டர், பாலத்தின் அடிப்பாகம் சுமார் 69 மீட்டர். அந்த இடைவெளி கீழிருந்து பார்க்கிறவருக்குச் சுத்தமாகத் தெரியாது. புகைப்போக்கி இடித்தேவிடும் என்றுதான் தோன்றும், அதைப் பார்க்கவே விடியற்காலை நாலரை மணிக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு மேல்தளத்தில் கூட்டம் கூடும். முன்பு நாலைந்து இழுவைப் படகுகள் தள்ளிக் கட்டிய வேலையை இப்போது கப்பலே தண்ணீருக்குள் இருந்து பக்கவாட்டில் தள்ளும் தன் விசிறிகளை வைத்துச் செய்துகொள்கிறது. ஹட்சனிலும் சுற்றிலும் அலையேற்றத்தின் இழுப்பு பலமானது, ஆகவே பைலட் எனப்படும், துறைமுகத்தின் வழி தெரிந்த உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் மட்டும் நுழைவதில்லை.

ஆக, இருட்டில் பெரிய கப்பலைப் பார்க்க ஆசைப்படுகிறவர் பருவத்தைப் பிடிக்க வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் நியூயார்க்கில் சூரியன் நாலரை மணிக்கே மறைந்துவிடும், சாயங்காலம் கிளம்பும் கப்பல் முழு விளக்கோடு போகும். மன்ஹாட்டன் தென்முனையில் ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெர்ரி ஏறுங்கள். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் ஓடுகிறது. ஐந்து, ஐந்தரை மணிப் படகில் போகும்போது வலப்பக்க வெளித்தளத்தில் நின்றால் சுதந்திரதேவி சிலையும் பேயோன் பக்கத்திலிருந்து வருகிறவையும் தெரியும், புரூக்ளினிலிருந்து கிளம்புவதைப் பார்க்க இடப்பக்கம். அன்றைக்கு எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு என்பது முனையங்களின் அட்டவணையில் முன்கூட்டியே இருக்கும். கையுறை எடுத்துப் போங்கள், தண்ணீர் மேல் அடிக்கும் காற்றில் போனைப் பிடித்துப் படம் எடுக்கிற விரல்தான் முதலில் மரத்துப்போகும்.